பக்கத்துக் கணினியின் ஃபோல்டர் திறக்கவில்லையா? ஃபயர்வாலை அணைக்காமலே சரிசெய்யலாம்

இரண்டு கணினிகள், நடுவில் ஒரு ரூட்டர். நேற்று வரை இதிலிருந்து அதன் ஃபோல்டர் திறந்தது. இன்று கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, பாதை கிடைக்கவில்லை என்று ஒரு பெட்டி வருகிறது. யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பதில், "ஃபயர்வாலை ஆஃப் பண்ணிப் பாருங்க." கணினிக்குள் வரும் தொடர்புகளில் எதை விடுவது, எதைத் தடுப்பது என்று பார்க்கும் காவல்காரர்தான் ஃபயர்வால். ஆஃப் பண்ணினால் பல நேரம் வேலையும் செய்துவிடும். வம்பே அதில்தான். வேலை நடந்துவிட்டதே என்று அப்படியே விட்டுவிடுவார்கள். சின்ன அலுவலகங்களுக்குக் கணினி பார்க்கப் போகும்போது, ஃபயர்வால் பல வருடமாக அணைந்தே கிடக்கும் கணினிகளைப் பார்க்கிறேன். கேட்டால், "எப்பவோ பிரின்டர் வரலைன்னு யாரோ பண்ணிட்டுப் போனாங்க" என்பார்கள்.

விண்டோஸில் ஃபோல்டர் பகிர்வு நடப்பது எஸ்எம்பி என்ற முறையில். அதற்கான வாசல் டிசிபி போர்ட் 445. 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை, இந்த வாசல் வழியாகத்தான் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. அதைப் போடாத கணினிகள்தான் மாட்டின. எனவே 445-ஐ உங்கள் வீட்டுக்குள், உங்கள் கணினிகளுக்கு மட்டும் திறந்துவிட வேண்டும். சுவரையே இடிக்க வேண்டியதில்லை. ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டு 445-ஐ இன்டர்நெட் பக்கம் திறந்துவிடும் வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

எந்தக் கணினியில் உட்கார வேண்டும்?

புதியவர்கள் அதிக நேரத்தைத் தொலைப்பது இங்கேதான். ஃபோல்டரை வைத்திருக்கும் கணினியை "கொடுக்கும் கணினி" என்றும், அதைத் திறக்கப் பார்க்கும் கணினியை "கேட்கும் கணினி" என்றும் வைத்துக்கொள்வோம். பிழைச் செய்தி வருவது கேட்கும் கணினியில். அதனால் எல்லோரும் அதிலேயே உட்கார்ந்து செட்டிங்ஸைக் குடைகிறார்கள். ஆனால் விண்டோஸ் ஃபயர்வால் வெளியே போவதை வழக்கமாகத் தடுப்பதில்லை, உள்ளே வருவதைத்தான் தடுக்கும். ஆகவே திருத்த வேண்டிய இடம் அநேகமாகக் கொடுக்கும் கணினிதான். இரண்டு பக்கமும் பகிர்வு வேண்டுமென்றால் இரண்டிலும் செய்ய வேண்டும்.

பிழைச் செய்தியை முழுதாகப் படியுங்கள்

பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு ஒரு பெட்டி வந்தாலோ, அனுமதி இல்லை என்று பொருள்படும் "ஆக்சஸ் டினைட்" வந்தாலோ, ஃபயர்வாலை விட்டுவிடுங்கள். அதைத் தாண்டிப் போய்தான் அந்தப் பதில் வந்திருக்கிறது. வாட்ச்மேன் உள்ளே விட்டாயிற்று, வீட்டுக்காரர்தான் யோசிக்கிறார். அங்கே பார்க்க வேண்டியது கணக்கு, கடவுச்சொல், ஃபோல்டர் அனுமதி ஆகிய மூன்றையும். தினமும் நான்கு இலக்க பின் எண் போட்டுக் கணினியைத் திறப்பவர்கள் அதே எண்ணை இங்கேயும் போடுவார்கள். அது செல்லாது. கொடுக்கும் கணினியில் உள்ள கணக்கின் உண்மையான கடவுச்சொல் வேண்டும். கடவுச்சொல்லே வைக்காத கணக்கை நெட்வொர்க் வழியாக உள்ளே விடுவதில்லை என்பது விண்டோஸின் வழக்கம். அப்புறம், ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டிஸில் ஷேரிங் தாவலில் அனுமதி கொடுத்துவிட்டு செக்யூரிட்டி தாவலில் கொடுக்க மறந்திருப்பார்கள். இரண்டிலும் இருந்தால்தான் திறக்கும்.

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்கு மாறிய பிறகு பழைய நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் மாட்டிய கோப்புச் சேமிப்புப் பெட்டி) திறக்கவில்லை என்றாலும் பெரும்பாலும் ஃபயர்வால் காரணமல்ல. அந்தப் பதிப்பின் ப்ரோ போன்ற வகைகள் கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவை மறுக்கின்றன, இடையில் யாரும் மாற்றவில்லை என்று உறுதிசெய்யும் கையொப்பமிட்ட எஸ்எம்பியைக் கட்டாயமாகக் கேட்கின்றன. நாஸ் பெட்டியில் ஒரு பயனர் கணக்கைத் தொடங்கி, அதன் மென்பொருளைப் புதுப்பித்துப் பாருங்கள்.

மாறாக, நீண்ட நேரம் சுற்றிவிட்டு "நெட்வொர்க் பாத் வாஸ் நாட் ஃபவுண்ட்" என்றோ, 80070035 என்று முடியும் எண்ணோ, கமாண்டில் முயன்றால் சிஸ்டம் எர்ரர் 53 என்றோ வந்தால், உங்கள் தட்டல் அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை, அல்லது பதில் வரவில்லை. இந்தக் கட்டுரையின் மீதி அதைப் பற்றித்தான்.

அதே கணினியில் ஒரு சோதனை

கொடுக்கும் கணினிக்குப் போங்கள். ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடு போட்டு, ஒட்டியபடி லோக்கல்ஹோஸ்ட் என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். பகிர்ந்த ஃபோல்டர் அங்கே தெரிய வேண்டும். தன்னைத் தானே கூப்பிடும்போது ஃபயர்வால் குறுக்கே வராது. இங்கேயே தெரியவில்லை என்றால் ஃபோல்டரைச் சரியாகப் பகிரவே இல்லை என்று பொருள். தெரிந்தால் பகிர்வு சரி, கோளாறு வழியில்தான்.

முகவரி, பிங், அப்புறம் ஒரு சின்னத் தந்திரம்

இரண்டு கணினிகளிலும் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்று தட்டுங்கள். ஐபிவி4 என்று தொடங்கும் வரியில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று 192.168.1.5, இன்னொன்று 192.168.1.7 என்றால் நல்லது. ஒன்று 192.168.1.7, மற்றது 192.168.0.4 என்று மூன்றாவது எண் மாறியிருந்தால், இப்போதைக்கு அதை ஒரு தாளில் எழுதி வட்டம் போட்டு வையுங்கள். பிறகு வருகிறேன்.

கேட்கும் கணினியிலிருந்து கொடுக்கும் கணினியின் எண்ணுக்கு பிங் செய்யுங்கள். கமாண்ட் ப்ராம்ப்டில் ஆங்கிலத்தில் பிங், ஒரு இடைவெளி, அந்த எண். "இருக்கிறாயா?" என்று கேட்பதுதான் அது. பதில் வந்தால் சரி. வரவில்லை என்றால் உடனே "நெட்வொர்க்கே இல்லை" என்று முடிவு கட்ட வேண்டாம். பொது நெட்வொர்க்கில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் விண்டோஸ், பிங்குக்கு வாயே திறக்காது. பிங் தோற்ற உடனே அதே கறுப்புத் திரையில் ஏஆர்பி, ஒரு இடைவெளி, சிறுகோடு, ஏ என்று ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். ஒரு பட்டியல் வரும். அதில் அந்தக் கணினியின் ஐபி எண்ணும், எதிரே இரண்டிரண்டு எழுத்தாகச் சிறுகோடு போட்ட நீளமான வன்பொருள் முகவரியும் இருக்கிறதா?

இருந்தால், அந்தக் கணினி உயிரோடு, அதே நெட்வொர்க்கில், உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. இந்த அடிமட்ட விசாரிப்பை விண்டோஸ் ஃபயர்வால் தடுப்பதில்லை. ஆள் வீட்டில் இருக்கிறார், கதவைத்தான் திறக்கவில்லை. அப்போது ஃபயர்வாலைச் சந்தேகிப்பது நியாயம். பட்டியலில் அந்த எண்ணே இல்லையென்றால் கேபிள், வைஃபை, ரூட்டர் பக்கம் போங்கள். விருந்தினர்களுக்கான கெஸ்ட் வைஃபையில் ஒரு கணினி மாட்டியிருக்கும், அல்லது ரூட்டரில் ஏபி ஐசொலேஷன் என்ற வசதி இயங்கிக்கொண்டிருக்கும். அது இயங்கினால் வைஃபையில் உள்ளவர்கள் இன்டர்நெட்டைப் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. கணினியின் ஃபயர்வாலை எத்தனை முறை அணைத்து ஏற்றினாலும் இது சரியாகாது.

கடைசியாக வாசலையே தட்டிப் பார்க்கலாம். கேட்கும் கணினியில் பவர்ஷெல்லைத் திறந்து, டிஎன்சி 192.168.1.5 -போர்ட் 445 என்று, சொற்களை ஆங்கில எழுத்தில், உங்கள் எண்ணைப் போட்டுத் தட்டுங்கள். டெஸ்ட் நெட்கனெக்‌ஷன் என்ற கட்டளையின் சுருக்கம் அது. விடையின் கடைசி வரியில் ட்ரூ என்று வந்தால் வாசல் திறந்திருக்கிறது, மேலே சொன்ன கணக்கு, கடவுச்சொல் விவகாரத்துக்குத் திரும்புங்கள். ஃபால்ஸ் என்று வந்தால் தொடர்ந்து படியுங்கள். இனி எதை மாற்றினாலும் இந்த ஒரு வரியை மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஃபோல்டரைத் திறந்து திறந்து மூடுவதை விட இது வேகம், பழைய கடவுச்சொல்லை நினைவில் வைத்துக்கொண்டு விண்டோஸ் செய்யும் குழப்பமும் கிடையாது.

பப்ளிக்கா, பிரைவேட்டா?

ஒரே ஒரு இடத்தை மட்டும் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் பாருங்கள். ரூட்டர் மாற்றியதும் பகிர்வு நின்றுவிட்டது என்று வரும் அழைப்புகளில் நான் முதலில் கேட்பதே இதைத்தான்.

விண்டோஸ் ஒவ்வொரு நெட்வொர்க்கையும் பப்ளிக் அல்லது பிரைவேட் என்று பிரித்து வைக்கிறது. பப்ளிக் என்பது ரயில் நிலையம், ஓட்டல் மாதிரி. அங்கே தெரியாதவர்கள் உங்கள் ஃபோல்டரைத் தட்டக் கூடாது என்று உள்வரும் வழிகளை மூடிவிடும். புது ரூட்டர் வந்தால் விண்டோஸுக்கு அது புது ஊர். நீங்கள் சொல்லும் வரை பப்ளிக் என்றே வைத்துக்கொள்ளும்.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதில் உங்கள் வைஃபை அல்லது ஈதர்நெட்டின் ப்ராப்பர்ட்டிஸ். அங்கே நெட்வொர்க் ப்ரொஃபைல் டைப் என்ற இடத்தில் பிரைவேட்டைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10-இல் ஸ்டேட்டஸ் பக்கத்தில் ப்ராப்பர்ட்டிஸ் பொத்தான் இருக்கும். வைஃபையும் கேபிளும் சேர்த்து மாட்டியிருந்தால் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள், ஒன்று பிரைவேட்டாகவும் மற்றது பப்ளிக்காகவும் இருக்கலாம். லேப்டாப் என்றால் வீடு, அலுவலகம் இரண்டுக்கு மட்டும் பிரைவேட். காபிக் கடை வைஃபைக்கு வேண்டவே வேண்டாம்.

அடுத்து, அதே நெட்வொர்க் பக்கத்தில் அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸுக்குள் அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ் இருக்கிறது. விண்டோஸ் 10-இல் இது கண்ட்ரோல் பேனலின் நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டரில். பிரைவேட் பிரிவில் நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங் இரண்டையும் ஆன் செய்யுங்கள். பாஸ்வேர்ட் ப்ரொடெக்டட் ஷேரிங்கை ஆன் நிலையிலேயே விடுங்கள். தொல்லை என்று பலர் அதை அணைக்கச் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு முறை கடவுச்சொல் போட்டு, நினைவில் வை என்ற கட்டத்தில் டிக் செய்தால் தொல்லை முடிந்தது.

இப்போது டிஎன்சி வரியை ஓட்டுங்கள். பாதிப் பேருக்கு ட்ரூ வந்துவிடும்.

விதியும் விதிவிலக்கும்

வராதவர்கள் கொடுக்கும் கணினியில் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, ஃபயர்வால் அண்ட் நெட்வொர்க் ப்ரொடெக்‌ஷனுக்குள் போங்கள். பிரைவேட் நெட்வொர்க் மேல் சொடுக்கினால் கீழே இன்கமிங் கனெக்‌ஷன்ஸ் என்று ஒரு கட்டம் இருக்கும். உள்வரும் எல்லாவற்றையும், அனுமதித்த பட்டியலில் இருப்பவற்றையும் சேர்த்துத் தடு என்பது அதன் பொருள். அதில் டிக் இருந்தால் வேறு எந்த விதியை நீங்கள் போட்டாலும் வீண். "எல்லாம் அனுமதிச்சுட்டேன், இருந்தாலும் வரல" என்பவர்கள் இந்தக் கட்டத்தைத் தவறாமல் பார்க்க வேண்டும்.

அடுத்து, ஃபயர்வால் வழியாக ஒரு செயலியை அனுமதி என்று பொருள்படும் இணைப்பைத் திறந்து, மேலே உள்ள சேஞ்ச் செட்டிங்ஸ் பொத்தானை அழுத்துங்கள். பட்டியலில் ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங் வரியில் பிரைவேட் பத்தியில் டிக் வேண்டும். பப்ளிக் பத்தியில் வேண்டாம். 24எச்2 பதிப்பில் இதே பெயரோடு ரெஸ்ட்ரிக்டிவ் என்று சேர்த்து இன்னொரு வரி இருக்கும். புதிதாக ஒரு ஃபோல்டரைப் பகிரும்போது இப்போது அந்தக் கட்டுப்பாடான வரிதான் இயங்கும். பழைய நெட்பயாஸ் போர்ட்களான 137, 138, 139 அதில் கிடையாது. அவற்றை நம்பியிருக்கும் பழைய கருவி எதுவும் உங்களிடம் இல்லையென்றால் அதுவே போதும், நல்லதும்கூட.

பல கிளைகளாகப் பிரித்த பெரிய அலுவலக நெட்வொர்க்கில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த விதிகள் பிரைவேட் நெட்வொர்க்கில் லோக்கல் சப்நெட்டிலிருந்து, அதாவது நெட்வொர்க்கின் அதே கிளையிலிருந்து, வருபவர்களை மட்டும்தான் விடும். பக்கத்துப் பிரிவின் கணினி வேறு சப்நெட்டில் இருந்தால் டிக் இருந்தும் வராது. அதே ஃபயர்வால் பக்கத்தின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் இணைப்பில் திறக்கும் அட்வான்ஸ்டு செக்யூரிட்டி சாளரத்தில் அந்த விதியின் ஸ்கோப் தாவலில் அடுத்த சப்நெட்டையும் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது அந்தச் சப்நெட்டை மட்டும் சேருங்கள், எனி என்று மாற்றிவிடாதீர்கள்.

இன்னொரு காவல்காரரும் இருக்கலாம்

காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் தொகுப்புகள் பலவற்றில் சொந்த ஃபயர்வால் உண்டு. அது வந்ததும் விண்டோஸ் ஃபயர்வாலின் பொறுப்பைத் தானே எடுத்துக்கொள்ளும். அப்போது விண்டோஸில் நீங்கள் போட்ட டிக் எதற்கும் மதிப்பில்லை. விண்டோஸ் செக்யூரிட்டியின் ஃபயர்வால் பக்கத்தில் அந்த நிறுவனத்தின் பெயர் தெரிந்தால் இதுதான் நிலைமை. அந்த மென்பொருளுக்குள் போய் உங்கள் நெட்வொர்க்கை நம்பகமானது, வீடு, ட்ரஸ்டட் என்ற மாதிரிப் பெயரில் இருக்கும் பிரிவுக்கு மாற்றுங்கள். விபிஎன் செயலியும் இப்படித்தான். இணைப்பு அறுந்தால் எல்லாவற்றையும் நிறுத்தும் கில் ஸ்விட்ச் வசதி, பக்கத்து மேசைக் கணினியையும் சேர்த்து நிறுத்திவிடும். விபிஎன்னை நிறுத்திவிட்டு டிஎன்சி வரியை ஒரு முறை ஓட்டினால் தெரிந்துவிடும்.

லினக்ஸில் யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் இயங்கினால் சம்பா என்ற பெயரில் தயாராக இருக்கும் விதியை அனுமதித்தால் போதும், போர்ட் எண்களை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம். மேக்கில் ஃபைல் ஷேரிங்கை ஆன் செய்துவிட்டு, ஃபயர்வால் விருப்பங்களில் உள்வரும் எல்லாவற்றையும் தடுக்கும் வசதி ஆஃப் ஆக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

முகவரி போட்டால் திறக்கிறது, ஆனால் எக்ஸ்புளோரரின் நெட்வொர்க் பட்டியலில் கணினியின் பெயர் தெரியவில்லை என்பது வேறு நோய். பட்டியல் வருவதற்கு 445 காரணமல்ல, நெட்வொர்க் டிஸ்கவரிதான் காரணம். கொடுக்கும் கணினியில் சர்வீசஸ் பட்டியலில் ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன் என்ற சேவை ஓடுகிறதா என்று பாருங்கள். நான் பெரும்பாலும் அதோடு மல்லுக்கட்டுவதில்லை. ரூட்டரில் அந்தக் கணினிக்கு ஒரே ஐபி எண் கிடைக்கும்படி ஒதுக்கிவிட்டு, ஃபோல்டரை ஒரு டிரைவ் எழுத்தாக மேப் செய்து கொடுத்துவிடுவேன்.

ஃபயர்வாலின் நாட்குறிப்பு

இவ்வளவுக்கும் பிறகு ஃபால்ஸ் என்றே வந்தால், ஊகத்தை நிறுத்திவிட்டு ஃபயர்வாலையே கேட்கலாம். கொடுக்கும் கணினியின் அட்வான்ஸ்டு செக்யூரிட்டி சாளரத்தில் மேலே உள்ள பெயர் மேல் மவுஸின் வலது பொத்தானைச் சொடுக்கி, ப்ராப்பர்ட்டிஸ், பிரைவேட் ப்ரொஃபைல், லாகிங், கஸ்டமைஸ். லாக் டிராப்டு பாக்கெட்ஸ் என்பதை யெஸ் ஆக்குங்கள். எழுதப்படும் கோப்பின் இடமும் அங்கேயே காட்டும். கேட்கும் கணினியிலிருந்து ஒரு முறை தட்டிவிட்டு அந்தக் கோப்பை நோட்பேடில் திறங்கள். தேதி, நேரம், டிராப், டிசிபி, 192.168.1.7, 192.168.1.5, ஏதோ ஒரு ஐந்திலக்க எண், 445 என்ற வரிசையில் ஒரு வரி இருந்தால், தட்டியவர் யார், யாரைத் தட்டினார், எந்த வாசல் என்பது எல்லாம் அதில் இருக்கிறது. தள்ளிவிட்டது விண்டோஸ் ஃபயர்வால்தான், விதியைத் திரும்பப் பாருங்கள். வரியே இல்லையென்றால் ஒன்று வேறு ஃபயர்வால் பொறுப்பில் இருக்கிறது, அல்லது தட்டல் அங்கே வந்தே சேரவில்லை. வேலை முடிந்ததும் லாகிங்கை அணைத்துவிடுங்கள்.

வட்டம் போட்ட எண்

ஒரு சின்ன அச்சகம். முன்னறையில் வடிவமைப்புக் கணினி, பின்னறையில் பெரிய பிரின்டரோடு இன்னொன்று. முகூர்த்த மாதம், கல்யாணப் பத்திரிகை வேலை நெருக்குகிறது. புது இன்டர்நெட் இணைப்பு கொடுக்க வந்தவர் புது ரூட்டரை முன்னால் வைத்து, பழைய ரூட்டரைப் பின்னறைக்கு வைஃபை எட்டட்டும் என்று அங்கே மாட்டிவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து பின்னறையிலிருந்து முன்னறை ஃபோல்டர் திறக்கிறது. முன்னறையிலிருந்து பின்னறை திறப்பதில்லை. ஊழியர் பென் டிரைவோடு நடந்துகொண்டிருந்தார்.

ஒரு பக்கம் மட்டும் திறந்தால் யாருக்கும் ஃபயர்வால் நினைவுதான் வரும். எனக்கும் வந்தது. ஒரு மணி நேரம் பின்னறைக் கணினியில் விதிகளைப் புரட்டினேன். எல்லாம் சரியாக இருந்தது. நாட்குறிப்பை ஆன் செய்து முன்னறையிலிருந்து தட்டச் சொன்னேன். ஒரு வரி கூட விழவில்லை. அப்புறம்தான் ஐபிகான்ஃபிக். முன்னால் 192.168.1.7, பின்னால் 192.168.0.4.

பழைய ரூட்டரின் வான் என்று போட்ட தனித் துளையில் கேபிள் மாட்டியிருந்தது. அப்படி மாட்டினால் அது தனக்குப் பின்னால் தனி நெட்வொர்க் ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். பின்னால் இருப்பவர் வெளியே போகலாம், முன்னால் இருப்பவருக்கு உள்ளே வர வழி கிடையாது. அந்த இடத்தில் ஃபயர்வாலாக நின்றது அந்த ரூட்டர்தான்.

பழைய ரூட்டரின் பக்கத்தைத் திறந்து அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, முகவரி பங்கிடும் டிஎச்சிபி வேலையை நிறுத்தினேன். பிறகு கேபிளை வான் துளையிலிருந்து உருவி, லான் துளை ஒன்றில் மாட்டினேன். ரூட்டரில் ஆக்சஸ் பாயிண்ட் மோட் இருந்தால் இதெல்லாம் ஒரே சொடுக்கில் முடியும், அந்தப் பழைய பெட்டியில் இல்லை. பின்னறைக் கணினிக்கு 192.168.1.9 வந்தது. முன்னறையிலிருந்து டிஎன்சி.

ஃபால்ஸ்.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். புது நெட்வொர்க் வந்ததால் பின்னறை விண்டோஸ் அதைப் பப்ளிக் என்று எடுத்துக்கொண்டிருந்தது. பிரைவேட்டுக்கு மாற்றி மறுபடி ஓட்டினேன், ட்ரூ. முன்னறையிலிருந்து பத்திரிகைக் கோப்பை இழுத்துப் போட்டார்கள். பின்னறையில் பிரின்டர் சத்தம் கேட்டது.